பிள்ளைக்காம்பராவும் ஆங்கிலத் தொகைச்சொல்லும்

லிந்துலைப் பகுதித் தோட்டங்களில் வழங்கும் ஆங்கிலச் சொற்களை 'உடைந்த ஆங்கிலம்' என ஒதுக்குவது கற்றோரிடையே ஊறிப்போன வழக்கம். மணியோடர், டீமேக்கர் முதலிய தொகைச்சொற்கள் வகுப்பறையில் பிழையெனத் திருத்தப்படுகின்றன. இத்திருத்தம் எவ்விலக்கணத்தின்பாற்பட்டது என்பது வினவற்பாலது.

முதற்கண் அசைபிரிப்பு. ஆங்கில ஒலிக்கூற்றையும் நம் யாப்பின் உறுப்பையும் 'அசை' என்னும் ஒரே பெயரால் வழங்குவதால் மயக்கம் விளைகிறது. டீமேக்கர் யாப்பில் தேமாங்காய். ஆங்கிலத்திலும் மூன்று கூறுகளே. இவ்வொற்றுமையை நம்பி மணியோடரைப் பிரித்தால் புளிமாங்காயாகிய மூவசையே கிட்டும். ஆங்கிலத்திலோ அது நான்கு கூறுடையது. நாம் நிரையாக அடக்கும் 'மணி' அங்கு இரண்டாக எண்ணப்படும்.

அழுத்தமே ஆழ்ந்து நோக்கத்தக்கது. கிரீன்ஹவுஸ் என்பதில் முதற்கூறு ஓங்கினால் அது செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். பின்மொழியும் ஓங்கினால் வெறும் பச்சை வீடு. சொற்பொருளை இவ்வாறு வேறுபடுத்தும் அழுத்தம் தமிழில் இல்லை. ஆகவே இவ்வேறுபாடு தோட்டத்து மாணவனின் செவிக்கு எட்டாது என முடிவு கட்டுவர். அம்முடிவு பொருந்தாது. 'பிள்ளை காம்பராவில் தூங்குது' எனின் குழந்தை லயத்து அறையில் இருக்கிறது. 'பிள்ளைக்காம்பராவில் தூங்குது' எனின் ஆயாவின் பார்வையில் இருக்கிறது. கொழுந்து மலையில் நிற்கும் தாய்க்கு அந்த ஒரு ககர ஒற்று சிறிதன்று. போர்த்துக்கேயர் வழிவந்த காம்பராவை, பிள்ளைத்தமிழில் தகரம் மிகுவதுபோல் ககரம் மிகுவித்துத் தொகையாக்கியவர்கள் நன்னூல் கற்றவர்களல்லர். தொகை ஒருசொல்லாய் நடக்கும் என்றார் தொல்காப்பியர். அவ்வொருமையை ஆங்கிலம் பெரும்பாலும் அழுத்தத்தால் உணர்த்துகிறது. இங்கே வல்லெழுத்து உணர்த்துகிறது.

ஒப்புமை முற்றானதன்று. அதே நிலையத்தைக் குறிக்கும் 'பிள்ளைமடுவம்' என்ற சொல்லில் மிகுவதற்கு வல்லெழுத்தே இல்லை. ஆங்கிலத்திலும் முதற்கூறே எப்போதும் ஓங்கும் என்பதில்லை. பிரித்தானிய வழக்கில் ஹெட்மாஸ்டர் என்னும் சொல்லில் பின்மொழியே ஓங்கும். 'தொகையில் முதலை அழுத்துக' என மனனஞ் செய்தவன் பாடசாலைத் தலைவரை விளிக்கும்போதே தவறிவிடுவான்!

எனினும் செவிப்பயிற்சிக்கு வேறு வாயில் தேடவேண்டியதில்லை. காம்பராத் தொடர்கள் இரண்டையும் கரும்பலகையில் எழுதி, மாணவரையே வாய்விட்டுச் சொல்லச் செய்து, அவற்றின் கீழே கிரீன்ஹவுஸை எழுதுவது போதுமானது. அதற்கு ஆசிரியர் முதலில் தோட்டச் சொல்லைப் பிழையென அழிக்காதிருத்தல் வேண்டும்.