ஊவாத் தோட்டங்களின் திருநாட் பாடல்கள்

பதுளை மாவட்டத்துத் தோட்டங்களிலே திருவிழாக் காலங்களில் பாடப்பெறும் பாடல்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவை அனைத்தையும் நாட்டார் பாடல் என்ற ஒரே பெயரில் அடக்கி, எழுதா இலக்கியம், இயற்கையின் குரல் என்று புகழ்ந்து அமைந்துவிடுகின்றனர். அப்புகழ்ச்சியில் அன்பு உண்டு, ஆராய்ச்சி போதாது. பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலைச் சாரலிலும் அப்புத்தளை மேட்டிலும் வாழ்கின்ற மக்களோ, தாம் பாடுவதைப் பதிகம், திருப்புகழ், பஜனை, சிந்து, தாலாட்டு, கும்மி, காமன் பாட்டு என்று பகுத்தே வழங்குகின்றனர். ஒன்றற்குரிய வேளையில் மற்றொன்றை எடுத்தால் பெரியவர்கள் முகஞ் சுளிப்பர். இவ்வாறு பகுப்பும் விலக்கும் நிலைபெற்ற ஒரு மரபுக்கு இலக்கணம் இல்லை என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

கோயிலைச் சார்ந்த பாடல்நெறியை முதலிற் சொல்வதே முறை. ஈழத்துத் தலங்களுள் திருக்கோணேச்சரமும் திருக்கேதீச்சரமும் தேவாரப் பாடல் பெற்றன. ஊவாவுக்கு அப்பெருமை அருணகிரிநாதரால் வாய்த்தது. அவர் திருப்புகழில் பாடிப் பரவிய கதிர்காமம் இம்மாகாணத்து மொனராகலை மாவட்டத்திலேயே உள்ளது. திருப்புகழுக்குச் சந்தமே உயிர். சொல்லை விழுங்காமலும் தாளத்தை முந்தாமலும் ஓரடியை ஒரு மூச்சில் கொண்டு செலுத்த வல்லவரையே பாட வல்லார் என்று அவை ஏற்கும். கதிர்காமத்திலோ, பூசை செய்யும் கப்புராளை வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மௌனமாகவே வழிபாடு நடத்துகிறார். அம்மௌனத்துக்கு ஈடு செய்வதுபோல், ஆடித் திருவிழாவில் வெளியே திரளும் அடியார் கூட்டம் அரோகரா முழக்கத்தாலும் காவடிச் சிந்தாலும் வானை நிறைக்கிறது. கழுகுமலை முருகனைப் போற்றிய அண்ணாமலை ரெட்டியாரால் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் செம்மை பெற்ற அச்சிந்து, செவிக்கு மட்டுமன்றிக் காலுக்கும் உரியது. காவடி எடுத்தவன் களைத்துத் தளரும் வேளையில் அவன் அடியெடுப்பைத் தாங்கிப் பிடிப்பதே சிந்து பாடுவோனுக்குரிய தகுதி. இச்சிந்தின் வலிமையை உணர்ந்தமையாலன்றோ, தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மையார் தொழிலாளர் துயரத்தையும் இவ்வகைப் பாடல்களில் அமைத்துத் தோட்டந்தோறும் பாடினார்!

மார்கழி பஜனையின் நெறி வேறு. பனி இறங்கி லயத்துக் கூரைத் தகரங்கள் நனைந்திருக்கும் விடியற்கு முந்தைய இருளில், விளக்கொன்றை முன்னே ஏந்தி, ஜால்ராவும் ஆர்மோனியமும் ஒலிக்க, லயம் லயமாகச் செல்லும் அக்கூட்டத்தில் தனிக்குரலின் அழகுக்கு மதிப்புக் குறைவு. முன்பாட்டுக்காரர் எடுத்த அடியைப் பின்பாட்டார் சிதறாமல் வாங்கிக்கொள்கின்றனரா என்பதே பார்க்கப்படும். நல்ல குரலுடைய ஒருவர் அலங்காரமாகப் பாடிக் கூட்டத்தைப் பின்தங்க வைப்பாராயின், அது கச்சேரியாகலாம், பஜனையாகாது.

இவை யாவற்றினும் விரிவான இலக்கணம் உடையது காமன் கூத்து என்பது என் துணிபு. மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையிலே காமன் பொட்டலிற் கம்பம் நட்டுத் தொடங்கும் இக்கூத்து, சிவனது தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனும், போக வேண்டாமென்று தடுக்கும் ரதியும் பாட்டிலேயே வழக்காடுவதாய் வளர்ந்து, முழுநிலவன்று காமன் எரிவதில் உச்சம் பெறுகிறது. பின்னர் உயிரெழுப்புதலும் நடைபெறும். பாடல்கள் மாஸ்டர் என்று அழைக்கப்படும் ஆசானின் நினைவிலும் கையெழுத்துக் கொப்பிகளிலும் காக்கப்படுகின்றன. ரதி வேடம் புனைவோனை அளக்கும் அளவுகோல் கடுமையானது. வழக்காடும்போது அவன் குரலில் பிடிவாதமும் பாசமும் ஒருங்கே ஒலிக்க வேண்டும். கணவன் எரிந்தபின் பாடும் புலம்பலிலோ ஒப்பாரியின் சாயல் இருந்தும் அது சாவீட்டு ஒப்பாரியாகவே மாறிவிடக் கூடாது, ஏனெனில் அவன் மீண்டும் எழுவான் என்பதை அங்கே கூடியிருப்போர் அனைவரும் அறிவர். இந்நுட்பத்தைப் பேணுகின்ற ஒரு கலையைக் கரடுமுரடானது என்று ஒதுக்குவோர் விடியும்வரை ஒரு நாளேனும் அப்பொட்டலில் அமர்ந்திருந்தனரோ என்று ஐயுறுகிறேன். தஞ்சைப் பகுதியில் காமன் எரிந்தான் என்போரும் எரியவில்லை என்போருமாக இரு கட்சியினர் லாவணி பாடி வாதிட்டதும் இவ்விழாவையொட்டியே என்பது ஈண்டு நினையத்தக்கது.

இக்கூத்துக்கு ஆதாரம் தப்பு என்னும் தோற்கருவி. வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல் மலைக்குளிரில் தளர்ந்துவிடும் ஆதலின், காய்ந்த மானாப் புல்லைக் கொளுத்தி அதன் அனலில் வாட்டி, விரலாற் சுண்டிப் பார்த்து, நாதம் கணீரென்று வந்தபின்னரே தப்பைத் தோளில் மாட்டுவர். ஒரு கையில் மெல்லிய நெடுங்குச்சியும் மறுகையில் தடித்த குறுங்குச்சியும் கொண்டு, சுவாமி புறப்பாட்டுக்கு ஓரடியும் கலியாணத்துக்கு ஓரடியும் சாவுக்கு ஓரடியும் வாசிப்பர். விடியலில் தொழிலாளரை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் இக்கருவியே. ஆயினும், இதனை வாசித்தோரைச் சாதியின் பெயரால் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, இதன் ஓசையை மட்டும் சுவாமிக்கு முன்னே நடத்திய கொடுமையைத் திருவிழா மலரொன்றில் எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

பெண்கள் பாடுவன மாரியம்மன் திருவிழாவைச் சார்ந்தவை. முளைப்பாரியை நடுவில் வைத்துக் கும்மியடிக்கையில், கையொலியும் பாட்டும் ஒன்றினும் ஒன்று பிந்தாமை வேண்டும். மாரியம்மன் தாலாட்டிலோ வேகம் விலக்கு. கிறிஸ்தவக் குடும்பங்கள் மார்கழி இரவுகளிலே வீடுவீடாகச் சென்று பாடும் கரோல் கீதங்களையும் இவ்வரிசையிற் சேர்ப்பேன். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனைகளின் சாயலில் அவை ஒலிக்கும்போது, பஜனையோடு அவற்றுக்குள்ள உறவு தானே விளங்கும்.

சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் அவர் மறைந்தபின் 1987இல் நூலாயிற்று. அது பெருந்தொண்டு. ஆனால் நூலிற் சொற்கள் நிற்கும்; எடுப்பும் பின்பாட்டும் தப்பின் அடியும் நில்லா. திருவிழாவன்று அதிகாலை முதல் ஒலிபெருக்கியில் சினிமா மெட்டுப் பக்திப் பாடல்களை இடைவிடாது ஒலிக்கச் செய்யும் கோயிற் சபையினர், அவ்வொலிபெருக்கியைச் சில நாழிகை நிறுத்தி, பதிகத்துக்கும் கும்மிக்கும் காமன் பாட்டுக்கும் நிகழ்ச்சி நிரலில் வேளை குறித்து, மாஸ்டர்களையும் தப்புக் கலைஞர்களையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்து, ஓதுவாருக்குப் போர்த்தும் பொன்னாடையை அவர்களுக்கும் போர்த்துவார்களாக. அவர்கள் பாடுவதை முழுமையாக ஒலிப்பதிவு செய்யும் பணியையும் வரும் மாசியிலேயே தொடங்குவார்களாக.