மண்டி கலங்காமல்

பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை என்று ஆனது 1963-இல். (விற்கத்தான் கூடாது.) காய்ச்சுவதையே எல்லாரும் சிலாகிப்பார்கள், எனக்குப் பிடித்தது அதன்பின் வரும் வேலை, நொதித்த பீரைக் கலம் மாற்றுவது.

வாசனைக்காகப் போட்ட ஹாப்ஸ் துகள்கள் பச்சையாக மேலே மிதக்கும். அடியில் ஈஸ்ட் மண்டி. துணியில் ஊற்றி வடித்துவிடலாமே என்று தோன்றும். ஈஸ்ட் சேர்க்கும் முன், ஆறிய மால்ட் சாற்றை அப்படி வடிக்கலாம். காற்று கலந்தால் ஈஸ்ட்டுக்கு நல்லதுதான். நொதித்து முடிந்த பீருக்கோ காற்றுதான் எமன். ஹாப்ஸ் மணம் போய், நனைந்த அட்டை வாடை வந்துவிடும்.

ஆகவே முதலில் குளிர். கலத்தை இரண்டொரு நாள் ஃபிரிட்ஜில் வைத்தால் மிதப்பதில் பெரும்பகுதி அடங்கிப் படியும். பிறகு சைஃபன் குழாயின் வாயில், கொதிநீரில் போட்டெடுத்த நைலான் வலைப் பையைக் கட்டி, மண்டிக்கு இரண்டு விரற்கடை மேலே பிடிக்க வேண்டும். மறுமுனை புதுக் கலத்தின் அடியைத் தொட வேண்டும், சலசலப்பே கூடாது. மட்டம் தாழத் தாழ, கலத்தைச் சாய்க்கக் கை பரபரக்கும். கடைசி அரை லிட்டருக்கு ஆசைப்படுபவர்தான் மண்டியை இழுத்துவிடுவார். வலை ரொம்ப நெருக்கமாக இருந்தாலும் வம்பு, துகள் அடைத்து ஓட்டமே நின்றுவிடும்.

வலை ஹாப்ஸைத்தான் தடுக்கும். மிச்சமிருக்கும் ஈஸ்ட் நுழைந்து போய்விடும். போகட்டும். புட்டியில் சேர்க்கும் சர்க்கரையைத் தின்று நுரைக்கான வாயுவை உண்டாக்க அது வேண்டும்.