கண்டெடுப்போர் யார்?

புதிய கலைஞர் ஒருவர் எவ்வாறு கண்டெடுக்கப்படுகிறார் என்பது வெறும் இரசனை பற்றிய வினாவன்று. தீர்ப்புக் கூறுவோர் யாவர், அத்தீர்ப்புக்குரிய அளவுகோலை வகுத்தவர் யாவர் என்னும் வினாக்களும் அதனுள் அடங்கியுள்ளன. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஹிப்-ஹொப் இசையில், பெருங் கம்பனிகளுக்குப் புறம்பாக வளர்ந்த பரிசோதனைப் போக்கின் வரலாறு இவ்வகையில் நாம் ஆராயத்தக்கது.

1989 டிசெம்பரில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தென்பகுதியிலிருந்த 'குட் லைஃப்' என்னும் உணவகத்தில், வியாழன் இரவுகளில் திறந்த அரங்கொன்று நடைபெறத் தொடங்கிற்று. எவரும் மேடையேறலாம், ஆனால் வசைச்சொல் வழங்கலாகாது. சரக்கற்ற பாடகரை நோக்கி, ஒலிவாங்கியை அடுத்தவரிடம் கொடுத்துவிடும்படி சபையோர் ஒருமித்துக் குரலெழுப்புவர். வன்முறையையும் வசையையும் விலைப்பண்டமாக்கி இசைத்தட்டுக் கம்பனிகள் இலாபமீட்டிய அதே நகரில், அதே காலத்தில், இந்நியதி நிலவியது என்பதை மனங்கொள்ள வேண்டும். மலிவான வழி அடைபட்டபோது, பாடுவோர் அசையிலும் தாளத்திலும் மூச்சிலும் புதுமை தேடினர். 'ஃப்றீஸ்டைல் ஃபெலோஷிப்' குழுவினர் 1991இல் தாமே வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு, ஜாஸ் வாத்தியக்காரரின் கற்பனைச் சுதந்திரத்தைச் சொல்லுக்கு வழங்கியது. இவர்களைத் தனியொரு மேதை கண்டெடுக்கவில்லை. நியதியும் விவேகமும் கொண்ட சபையொன்று உருவாக்கியது.

கா என்னும் புனைபெயர் கொண்ட நியூயோர்க் கலைஞரின் வரலாறு வேறொரு வழியைக் காட்டுகிறது. தீயணைப்புப் படையில் கப்டனாகப் பணிபுரிந்த அவர், 2008இல் தமது முதல் தனித்தொகுப்பைத் தாமே வெளியிட்டு, இலவசமாக வழங்கினார். அதனைச் செவிமடுத்த மூத்த கலைஞர் ஜிசா, அதே ஆண்டில் தமது தொகுப்பிலே அவருக்கு இடமளித்தார். சக தொழிலாளியின் உழைப்பை இன்னொரு தொழிலாளி இனங்கண்ட நிகழ்ச்சி இது. மேளவொலியைப் பெரிதும் குறைத்து, தாழ்ந்த குரலில், தாம் பிறந்த பிறவுன்ஸ்வில் பகுதி ஏழைகளின் வாழ்வை அவர் பாடினார். 2024இல் மறையும்வரை பெருங் கம்பனி எதனையும் அவர் சார்ந்திருக்கவில்லை.

இன்று கண்டெடுக்கும் பணியைக் கணினியின் பரிந்துரை ஏற்றுக்கொண்டுள்ளது. நேற்று நாம் விரும்பியதைக் கொண்டே நாளை விரும்பவேண்டியதை அது வகுக்கிறது. பழக்கத்தை உடைக்கவே பிறந்த பரிசோதனைக் கலைக்கு இவ்வளவுகோல் பொருந்துமா? ஸ்பொட்டிஃபை நிறுவனம் 2024 முதல், முந்திய 12 மாதங்களில் 1,000 தடவையாயினும் கேட்கப்படாத பாடலுக்கு உரிமைப்பணம் வழங்குவதில்லை. தொடக்கநிலைக் கலைஞரே இதனால் முதலிற் பாதிக்கப்படுகிறார் என்பது வெளிப்படை.

இயந்திரத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. தொலைதூர நகரொன்றின் குரலை மாணவரொருவரின் அறைக்கு அது கொண்டுவருகிறது. இயந்திரம் யாருடைய உடைமை, எதனை அளக்கிறது என்பனவே பிரச்சினை. மறுபுறத்தில், பிறர் அறியாத பெயரை அறிந்திருப்பதையே பெருமையாகக் கொண்டு, அக்கலைஞர் புகழ்பெற்றதும் அவரைக் கைவிடும் இரசிகரும் உளர். கலையைத் தனியுடைமையாகக் கருதும் மனப்பான்மையே இதுவும். அறியப்படாமை ஒரு கலைத்தகுதி அன்று.

ஆகவே, ஒரு தொகுப்பை முழுமையாகக் கேட்டல், அதில் உடன்பாடியோர் யாவரெனத் தேடிச்செல்லல், நண்பர்களோடு கூடியிருந்து அதன் குறைநிறைகளை விவாதித்தல், கலைஞரிடமே நேரடியாக விலைகொடுத்து வாங்கல் ஆகியவற்றை விமர்சனக் கடமைகளாகவே நாம் கருத வேண்டும். 'குட் லைஃப்' சபையோர் செய்ததும் ஏறத்தாழ இதுவே. அவர்களுட் பெரும்பாலோர் பெயர் பெற்றவர்கள் அல்லர். எனினும் அவர்களின்றி அக்கலைஞர்கள் இல்லை.