பாலுக்கு முன்னால் காபி: கொல்லிமலையில் ருசி பார்க்க ஒரு வழி

நாசிக் போய்வந்த நண்பர் ஒருவராவது எல்லோருக்கும் இருப்பார். 1999-ல் தொடங்கிய சுலாவில் ஆரம்பித்து அந்தப் பக்கத்து ஒயின் தோட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் நமக்கு ஊர் வந்துவிடும். காலையில் ஒரு தோட்டம், மதியம் இன்னொன்று, கிளாஸைச் சுழற்றி முகர்ந்து ஒரு வாய், அடுத்ததற்கு நகர்வு. கூடாரத்தை வண்டியில் போட்டுக்கொண்டு கொல்லிமலைக்குக் கிளம்பும் கூட்டம் அதைத் தேடினால் கிடைக்காது. மலையில் ஒயின் ஆலை இல்லை. ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் ருசி மாறுகிற, பழத்திலிருந்து வருகிற, தொட்டியில் புளிக்கிற பொருள் ஒன்று இங்கே முற்றங்களிலும் களங்களிலும் காய்ந்துகொண்டிருக்கிறது. காபியைச் சொல்கிறேன்.

நாம் தலைமுறை தலைமுறையாகக் காபி குடிக்கிறோம். ருசி பார்த்தவர்கள் கொஞ்சம்தான். டவரா டம்ளரில் நமக்கு வருவது பால், சர்க்கரை, பெரும்பாலும் சிக்கரியும் சேர்ந்த ஒரு பானம். அது அருமையான பானம், சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் குடித்து, கொட்டை எந்த மலையில் விளைந்தது என்று ஒருவரும் சொல்லிவிட முடியாது. அதைச் சொல்லக் கற்றுக்கொள்ள இரண்டு ராத்திரி, மூன்று தோட்டம், நான்கைந்து நண்பர்கள் போதும்.

போக வேண்டிய மாதம் டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி. அரபிகா பழுத்திருக்கும், மழை விட்டுக் களத்தில் வெயில் விழும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிவந்த வயிற்றோடு அன்றைக்கே ருசி பார்க்க உட்காராதீர்கள். முதல் நாள் தோட்டம் சுற்றி, வாங்கி, வறுக்க. இரண்டாம் நாள் மாலை ருசிக்க. கூடாரத்தை இடம் தருகிற தோட்டத்திலோ தங்கும் விடுதி வளாகத்திலோ போடுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைந்து தங்குவது குற்றம்.

செம்மேடு, சோளக்காடு பக்கங்களில் மலையாளிப் பழங்குடி மக்களின் சிறு தோட்டங்கள் பல. மேலே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி, கீழே நிழலில் காபிச்செடி. டிக்கெட், வழிகாட்டி, ருசி அறை எதுவும் இருக்காது. வண்டியை ஓரங்கட்டி, “அண்ணே, காபித் தோட்டத்தைக் கொஞ்சம் பாத்துக்கலாமா?” என்று கேட்க வேண்டியதுதான். அறுவடைக் காலம் அவர்களுக்கு வேலைக்காலம். பழம் பறிக்கும் நேரத்தில் நடுவில் போய் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். மூன்று மணிக்குமேல் போங்கள், வெறுங்கையோடு திரும்பாதீர்கள்.

செடியருகே போனதும் செய்ய வேண்டியது பழத்தைத் தின்பது. பாதிப்பேர் இதைச் செய்வதில்லை. நன்றாகச் சிவந்த ஒன்றைக் கேட்டுப் பறித்து, இரண்டு விரலால் அமுக்குங்கள். தோலைக் கிழித்துக்கொண்டு வழவழவென்று இரண்டு கொட்டை வெளியே வரும். அபூர்வமாக ஒற்றைக் கொட்டை உருண்டையாக வரும், கடையில் பீபெரி என்று தனி விலைக்கு விற்பது அதுதான். கொட்டையைச் சுற்றிய வழவழப்பை நாக்கில் உருட்டினால் மெல்லிய இனிப்பு. இப்போது அதே கிளையில் பாதி மஞ்சளாக இருக்கும் ஒன்றைத் தின்று பாருங்கள். பச்சை வாடையும் துவர்ப்பும்தான் மிஞ்சும். வறுப்பு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் இந்த இரண்டாவது பழம் முதல் பழமாகாது. ருசியில் முக்கால்வாசி பறிக்கிற விரலிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் கட்சி.

ஒரே கிளையில் பழம், செங்காய், காய் மூன்றும் சேர்ந்தே இருக்கும் என்பதால் நல்ல தோட்டத்தில் ஒரே செடிக்கு மூன்று நான்கு தடவை திரும்ப வர வேண்டும். கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாதவர்கள் ஒரே உருவாக உருவிவிடுவார்கள். எடைக்கு வாங்கும் வியாபாரி இரண்டுக்கும் ஒரே விலை வைத்தால் அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? எனவே தோட்டக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எத்தனை தடவை பறிப்பீங்க?” அடுத்தது, “எந்த ரகம்?” இந்திய அரபிகாவில் அதிகம் காதில் விழுவது 795. இலைத்துரு நோயோடு மல்லுக்கட்டிய பாலேஹொன்னூர் காபி ஆராய்ச்சி நிலையம் 1940-களில் விவசாயிகளுக்குக் கொடுத்த ரகம் அது.

பிறகு களம். இங்கேதான் ஒயின்காரர்களோடு நாம் கைகுலுக்கலாம். பழத்தை அன்றே பல்ப்பரில் விட்டுத் தோல் நீக்கி, ஒரு நாளோ ஒன்றரை நாளோ தொட்டியில் புளிக்கவிட்டு, வழவழப்பு போகக் கழுவிக் காயவைப்பது ஒரு முறை. அதற்குப் பெயர் பார்ச்மென்ட். பழத்தை அப்படியே முழுசாகக் காயப்போடுவது இன்னொன்று, அது செர்ரி. பல்ப்பரும் தண்ணீரும் இல்லாத சிறு விவசாயிக்குச் செர்ரிதான் கைகொடுக்கும். தொட்டி ஓரம் மூக்கை வைத்துப் பாருங்கள். பழுத்த பலா வைத்த அறை மாதிரி வாசம் வந்தால் சரி. காடி வாடை அடித்தால் புளிப்பு எல்லை மீறிவிட்டது, கோப்பையிலும் அது வரும். காய்ந்த செர்ரியை ஒரு கைப்பிடி அள்ளிக் காதருகே குலுக்கினால் கலகலவென்று கேட்க வேண்டும். பார்ச்மென்டை ஒன்று கடித்தால் படக்கென்று உடைய வேண்டும். பல் பதிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மூட்டையில் பூசணம் பிடிக்கும்.

(புளித்த பானம் இந்தப் பக்கத்து மலைகளுக்குப் புதிதல்ல. மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன்கள்ளை மலைபடுகடாம் பேசுகிறது. காபி நேற்று வந்த விருந்தாளி. பக்கத்துச் சேர்வராயன் மலைக்கே 1820 வாக்கில் கலெக்டர் காக்பர்ன்தான் கொண்டுவந்தார். கொல்லியை ஆண்ட வல்வில் ஓரிக்கு ஒரு டம்ளர் டிகாக்‌ஷன் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பானோ!)

மூன்று தோட்டத்தில் ஆளுக்குக் கால்கிலோ வாங்கி, பொட்டலத்தில் பெயர் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றாவது பார்ச்மென்டாகவும் ஒன்றாவது செர்ரியாகவும் இருந்தால் நல்லது. தொலி நீக்க உரலும் முறமும் போதும். ராத்திரி இரும்பு வாணலியில் நூறு நூறு கிராமாக, கை ஓயாமல் கிளறி வறுக்க வேண்டும். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகி, பொரி வெடிப்பதுபோல் படபடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் அடங்கியதும் இறக்கி முறத்தில் கொட்டி விசிறுங்கள். நம் ஊர்க் கடைக் கறுப்புக்குக் கொண்டுபோனால் மூன்று தோட்டமும் ஒரே கரி வாசத்தில் போய்ச் சேரும். அன்றைக்கே குடிக்க ஆசை வரும், வேண்டாம். புதிதாக வறுத்த கொட்டையிலிருந்து வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் ஆறவிட்டால் ருசி தெளியும்.

மறுநாள் மாலை. மிளகு, ஊறுகாய், வெங்காயம், சிகரெட் எதுவும் அதற்கு முன் வேண்டாம். ஒரே அளவுள்ள டம்ளர்களை வரிசையாக வையுங்கள். ரவைப் பதத்துக்கு அரைத்த தூள், 200 மில்லிக்கு 11 கிராம். தண்ணீர் கொதித்ததும் நேரே ஊற்றலாம். 1,000 மீட்டருக்கு மேலே தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, காபிக்கு ஏறக்குறைய அந்தச் சூடுதான் தேவை. சமவெளியில் கொஞ்சம் ஆறவைக்க வேண்டியதை மலையே ஆற்றிக் கொடுத்துவிடுகிறது. நான்கு நிமிடம் தொடாதீர்கள். மேலே தூள் ஆடைபோல் மிதக்கும். மூக்கை டம்ளர் விளிம்புக்கே கொண்டுபோய் ஸ்பூனால் அந்த ஆடையைப் பின்னுக்குத் தள்ளுங்கள். அந்த ஒரு கணத்தில் எழும் வாசம் திரும்ப வராது. ஆகவே டம்ளருக்கு ஓர் ஆள் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள், சண்டை வராது. நுரையை வழித்துவிட்டு இன்னும் ஐந்தாறு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

இப்போது சிரமமான பாடம். அண்ணாந்து ஊற்றிக் குடித்த தொண்டைக்கு இது புதிது. அப்படி ஊற்றினால் காபி நாக்கைக் கண்டுகொள்ளாமல் இறங்கிவிடும். ஸ்பூனில் எடுத்து உதட்டில் வைத்து, சர்ரென்று சத்தம் வர உறிஞ்சுங்கள். காற்றோடு தெறித்து வாய் முழுக்கப் படும், வாசம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். வீட்டில் அம்மா அதட்டியிருப்பார்தான், கூடாரத்தில் யார் கேட்கப் போகிறார்கள். நடுவே ஒரு வாய் தண்ணீர், நான்கு பொரி. சூடாக இருக்கும்போது கசப்பு மட்டும்தான் தெரியும். வெதுவெதுப்பாகும்போது புளிப்பும் இனிப்பும் தலைகாட்டும். முழுக்க ஆறியபின் ஒரு வாய் குடிக்கத் தவறாதீர்கள். காயாகப் பறித்ததும் பூசணம் தொட்டதும் ஆறிய காபியில் ஒளிய முடியாது.

முதல் சுற்று முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் “சாக்லேட் மாதிரி” என்று சொல்லிவிட்டால் மற்ற நால்வருக்கும் சாக்லேட்தான் தெரியும். ஆளுக்கொரு தாளில் எழுதிவிட்டுப் பேசுங்கள். எழுதும்போது வெளிநாட்டுப் பொட்டலத்தில் அச்சடித்த பழங்களை இரவல் வாங்க வேண்டாம். பீச் பழத்தை நம்மில் எத்தனை பேர் மரத்தடியில் தின்றிருக்கிறோம்? நார்த்தங்காய்த் தோல், இலந்தை வடை, நாவல் துவர்ப்பு, வெல்லப்பாகு, வறுகடலைத் தொலி, சுட்ட மரவள்ளி, ஈரச் சாக்கு. எது நினைவுக்கு வருகிறதோ அது சரி. கழுவிய பார்ச்மென்டில் புளிப்பு தெளிவாகவும், செர்ரியில் பழ வாசமும் கனமும் தூக்கலாகவும் இருப்பது வழக்கம். உங்கள் தாள் வேறு சொன்னால் தாளை நம்புங்கள்.

பிறகு விளையாட்டு. மூன்று டம்ளரில் இரண்டில் ஒரே தோட்டம், ஒன்றில் வேறு. அடியில் சீட்டு ஒட்டி இடம் மாற்றிவிட்டு, வேறானதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாகும் என்பதால் ஐந்தாறு தடவை நடத்துங்கள். அதிகம் பேசிய நண்பர் தோற்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு.

கடைசி நாள் காலை அதே மூன்றையும் வழக்கமான ஃபில்டரில் போட்டுப் பால் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். ராத்திரி முதலிடம் பிடித்த தெளிவான பார்ச்மென்ட் பாலுக்குள் காணாமல் போகலாம், எல்லோரும் முகம் சுளித்த கனத்த செர்ரி எழுந்து நிற்கலாம். வீட்டுக்கு வாங்கும்போது கறுப்பாகக் குடிக்கவா, பாலோடு குடிக்கவா என்று முடிவுசெய்துகொண்டு வாங்குங்கள். வறுக்காத கொட்டையாக வாங்கினால் காற்றோட்டமான பையில் சில மாதம் தாங்கும். வறுத்தது சில வாரத்தில் மங்கிவிடும். பழுத்ததை மட்டும் பறித்துக் காயவைத்தவரிடம் சந்தை விலைக்குப் பேரம் பேசாதீர்கள். ஏறக்குறைய ஆறு கிலோ பழம் பறித்தால்தான் அவருக்கு ஒரு கிலோ கொட்டை கிடைக்கும். அந்த ஆறு கிலோவுக்கும் அதே செடியடியில் நாலு தடவை நின்றிருக்கிறார்.