முதுமை இல்லாத இழையத்தில் முதுமையின் நோய்

2025 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மொனோகுளோனல் அன்டிபொடி வகை மருந்துகளில் தொடங்கி விலங்குப் பரிசோதனையைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாகவும், அந்த இடத்தைக் கணினி மாதிரிகளும் ஆய்வுகூடத்தில் வளர்க்கும் மனித இழையங்களும் நிரப்பும் என்றும் அது சொன்னது. இந்தியா 2023இலேயே மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி இதற்கு வழிவிட்டிருந்தது. விலங்குகளின் வதையைக் குறைப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் இதைச் சாட்டி இப்போது பலமாக எழுப்பப்படும் வாதம் வேறு. மறதி நோயின் முடிச்சும் பார்க்கின்சனின் முடிச்சும் இனி ஆய்வுகூடத் தட்டிலேயே அவிழும், நோயாளியைத் தேடி அலையத் தேவையில்லை என்கிறார்கள். இது பிழையான வாதம். எங்கள் இலங்கை போன்ற நாடுகளுக்கு ஆபத்தான வாதமும்கூட.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2013இல் வியன்னாவில் மடலீன் லங்காஸ்டரும் யூர்கன் நொப்லிக்கும் குருத்துக் கலங்களிலிருந்து சில மில்லிமீட்டர் அளவான மூளை உருண்டைகளை வளர்த்துக் காட்டியது பெரிய சாதனை. 2016இல் சிக்கா வைரஸ் பரவியபோது, அது சிசுவின் மூளையை எப்படிச் சிறுக்க வைக்கிறது என்பதை இந்த உருண்டைகள் சில மாதங்களிலேயே காட்டிக்கொடுத்தன. அதே ஆண்டு சிங்கப்பூர் ஆய்வாளர்கள் வளர்த்த நடுமூளை உருண்டைகளில் நியூரோமெலனின் என்ற கரும்பொருள் உருவானது. பார்க்கின்சனில் முதலில் மடிவது அந்தப் பொருள் நிறைந்த கலங்கள்தான். எலியின் மூளையில் அதைக் காண முடியாது. எலி மாதிரிகளின் தோல்வியும் ஊரறிந்தது. 2002 முதல் 2012 வரை, மறதி நோயின் முக்கிய வகையான அல்சைமருக்குச் சோதிக்கப்பட்ட மருந்துகளில் 99.6 சதவீதம் தோற்றுப்போயின. ஆகவே மாற்று வழி தேடுவதில் நியாயம் இருக்கிறது.

என் மறுப்பு ஒன்றே ஒன்று, நெடுநாளாக நான் சொல்லி வருவது. இவை முதுமையின் நோய்கள். இந்த உருண்டைக்கு முதுமை கிடையாது.

ஷின்யா யமனாக்கா 2006இல் கண்ட முறையில்தான் இன்று பெரும்பாலான உருண்டைகள் பிறக்கின்றன. ஒருவரின் தோலிலிருந்தோ குருதியிலிருந்தோ கலத்தை எடுத்து, அதைக் குருத்துநிலைக்குத் திருப்பி, பிறகு நரம்புக்கலமாக வளர்க்கிறார்கள். திருப்பும்போது அந்தக் கலம் வாழ்ந்த வாழ்வின் தடம் பெரும்பாலும் அழிந்துபோகிறது. டி.என்.ஏ. மீதுள்ள வேதிக் குறிகளைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையை ஸ்டீவ் ஹோர்வத் 2013இல் வெளியிட்டார். அந்த முறையில் பார்த்தால் இப்படித் திருப்பிய கலத்தின் வயது பூச்சியத்தை ஒட்டி நிற்கிறது. எண்பது வயதுப் பாட்டியிடம் எடுத்தாலும் கதை இதுதான். அதன் பின் மாதக்கணக்கில் போத்தலில் சுழற்றி வளர்த்தாலும் கிடைப்பது பெரும்பாலும் கருவிலிருக்கும் சிசுவின் மூளைக்கு ஒப்பான இழையம். சிக்காவில் இது வென்றதன் காரணமும் அதுவே. சிக்கா சிசுவைத் தாக்கும் நோய். அல்சைமர் அப்படியல்ல. நாற்றுமேடைக் கன்றைப் பிளந்து பார்த்து, எண்பது வருடத் தேயிலைச் செடியின் தூர் ஏன் உளுத்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

இந்தக் குறை ஆய்வாளர்களுக்குத் தெரியாததல்ல. 2013இலேயே நியூயோர்க்கின் லொரென்ஸ் ஸ்டூடர் குழு, குழந்தைப் பருவத்திலேயே கிழத்தன்மை தட்டும் ஓர் அரிய நோயின் புரதமான புரோஜெரினை நரம்புக்கலங்களுக்குள் செலுத்தி அவற்றுக்குச் செயற்கையாக வயதேற்றியது. முதுமையை வெளியிலிருந்து ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால், இயல்பில் அது அங்கே இல்லை என்றுதானே பொருள்? 2014இல் ஹார்வர்டைச் சேர்ந்த ருடோல்ஃப் டான்சி, டூ யோன் கிம் குழுவினர் அல்சைமரின் அடையாளங்களான அமைலொயிட் படிவுகளையும் நார்ச்சிக்கல்களையும் தட்டிலேயே உண்டாக்கியபோது உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. அவர்கள் நரம்புக்கலங்களில் புகுத்தியது பரம்பரை அல்சைமரின் விகாரங்களை. அந்தப் பரம்பரை வகை மொத்த அல்சைமரில் ஒரு சதவீதமும் வராது. மீதிப்பேரின் நோய், பல பத்தாண்டுகள் நடந்த வாழ்வில் மெல்ல மெல்ல முற்றியது.

அந்த வாழ்வைத்தான் உருண்டை தூக்கி எறிந்துவிடுகிறது. அதற்குள் குருதி ஓடுவதில்லை. ஒட்சிசன் எட்டாத நடுப்பகுதி செத்துப்போகிறது. ஆனால் எங்கள் முதியவர்களின் மூளையைத் திறந்து பார்த்தவர்கள் கண்டது என்ன? ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தாருடன் சேர்ந்து, இறந்த முதியவர்களின் மூளைகளை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அல்சைமர் மாற்றங்களில் குருதிக்குழாய்ச் சேதத்துக்குள்ள பங்கைத் தெற்காசிய முதியவர்களின் மூளையிலிருந்தே காட்டிய முதல் ஆய்வு அது. பிரஷரும் சீனி வருத்தமும் வீட்டுக்கு வீடு இருக்கும் மண்ணில் இந்தக் குருதிக்குழாய்க் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். குழாயே இல்லாத உருண்டையிடம் அதைக் கேட்டுப் பயனில்லை.

லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் மறதி நோய்க்கு 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றைச் சீர்செய்தால் ஏறக்குறைய 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. அந்தப் பட்டியலில் படிப்புக் குறைவு இருக்கிறது, காற்று மாசு இருக்கிறது, காது மந்தம், பிரஷர், தனிமை எல்லாம் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போன பெண், லயத்துக் குசினியில் விறகுப் புகைக்குள்ளேயே ஐம்பது வருடம் சமைத்த பெண், பிள்ளைகள் கொழும்புக்குப் போன பிறகு தனித்துப்போன பெண். இதில் எதைப் போத்தலுக்குள் போடுவார்கள்?

பார்க்கின்சனுக்கு வருவோம். அங்கே கேள்வி, வயலில் அடிக்கும் நஞ்சைப் பற்றியது. ஊவாவின் வெலிமடையில் நெல் அறுத்த வயலில் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கு போடுவார்கள். மூட்டம் இறங்கும் வாரங்களில் இலை கருகத் தொடங்கும். மருந்து டாங்கியை முதுகில் மாட்டி, முகத்தில் ஒரு துவாயை மட்டும் சுற்றி, பாத்தி பாத்தியாக அடித்துக்கொண்டு போவார்கள். டாங்கி ஒழுகினால் முதுகு நனையும், மாலைவரை அப்படியே இருக்கும். தேயிலை மலைகளில் புல்லுக்கு அடித்த கிரமக்சோன் என்ற களைநாசினி இன்னும் கொடியது. அதிலுள்ள பராகுவாட்டை இலங்கை 2008இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் முற்றாகத் தடைசெய்தது. ஆனால் அதற்கு முன் அடித்தவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள்.

நஞ்சுக்கும் பார்க்கின்சனுக்கும் உள்ள தொடர்பை உலகம் அறிந்தது மனிதர்களைப் பார்த்துத்தான். 1982இல் கலிபோர்னியாவில் கலப்பட ஹெரோயின் ஏற்றிய இளைஞர்கள் சிலர் பார்க்கின்சன் நோயாளிகளைப்போலக் கைகால் விறைத்து அசையாமல் கிடந்தார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் வைத்தியர் அதன் காரணம் எம்.பி.டி.பி. என்ற பொருள் என்று கண்டார். அது உடலில் மாறி உண்டாகும் நச்சு, வேதி அமைப்பில் பராகுவாட்டை நெருங்கியது. 2009இல் அதே மாநிலத்தின் விவசாயப் பகுதியில் நடந்த ஆய்வொன்று, பராகுவாட்டும் மானெப் என்ற பூஞ்சணநாசினியும் சேர்த்துத் தெளித்த வயல்களுக்கு 500 மீட்டருக்குள் குடியிருந்தவர்களிடம் பார்க்கின்சன் அபாயம் 75 சதவீதம் கூடியிருந்ததைக் காட்டியது. அந்த ஆய்வு கைகூடியதற்குக் காரணம், எந்த வயலில் எப்போது என்ன அடிக்கப்பட்டது என்று 1974 முதல் அங்கே எழுதிவைத்த பதிவேடு. தட்டில் செய்வது, சில மணி நேரமோ சில நாளோ உருண்டையை ரொட்டனோன் என்ற பூச்சிநாசினியில் நனைத்து எடுப்பது. முப்பது வருடம் முதுகு நனைந்த மனிதனுக்கு அது எந்த வகையில் ஈடு?

குருதிக்குழாயும் பதித்துவிடுவோம், மூளையின் காவல் கலங்களான மைக்ரோக்ளியாவையும் சேர்த்துவிடுவோம் என்பது உருண்டை ஆதரவாளர்களின் கடைசிப் பதில். சேர்க்கட்டும். உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டுவதால் ஒரு வாழ்வு உண்டாகிவிடாது. ஒவ்வொரு குறையும் அடுத்த மானியத்துக்கு நியாயமாகவே மாறுகிறது. நோயாளியோ வரிசையில் பின்னால் நிற்கிறார்.

பணக்கார நாடுகள் இரண்டையும் செய்யலாம். நாம் தெரிவு செய்தாக வேண்டும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ராகமவில் 65 வயது தாண்டிய 703 பேரைப் பரிசோதித்து, 3.98 சதவீதத்தினருக்கு மறதி நோய் என்று கண்டார்கள். அப்படியொரு கணக்கெடுப்பு ஊவாத் தோட்டங்களில் லயம் லயமாக நடக்க வேண்டும். தெளிப்புப் பதிவேடு ஒவ்வொரு தோட்டத்திலும் வயலிலும் கட்டாயமாக வேண்டும். இறந்தபின் மூளையைத் தானம் செய்வது பற்றிக் குடும்பங்களோடு தமிழில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் வேண்டும். நாட்டின் ஆய்வுப் பணம் முதலில் இவற்றுக்குப் போகட்டும், உருண்டைகள் பிறகு வரட்டும். கிரமக்சோன் அடித்த தலைமுறை முதுமைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அவர்கள் போன பிறகு அந்த வாழ்வை எந்த ஆய்வுகூடத்திலும் வளர்த்தெடுக்க முடியாது.