வேண்டியவன்

ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தைப் பார்த்தவர்கள் ஹவார்டைத் திட்டாமல் இருப்பதில்லை. 1949-ல் நியூயார்க்கில் அது அரங்கேறிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்துத் தேய்ந்த கிழவன் வில்லி லோமன், இனி ஊர் ஊராக அலைய முடியாது, உள்ளூரிலேயே ஓர் இடம் கொடு என்று வந்து நிற்கிறான். சின்ன முதலாளி ஹவார்டோ புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தன் குழந்தைகளின் குரலைப் போட்டுக் காட்டுகிறான். வாரம் 65 டாலர் என்று ஆரம்பித்த வில்லி 50-க்கு இறங்கி, 40-க்கு இறங்கி, கடைசியில் இருந்த வேலையையும் இழந்து வெளியேறுகிறான். யாருக்குத்தான் வயிறு எரியாது?

எனக்கும் எரிந்தது. இரண்டாம் முறை படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. யாரிடமும் சலுகை கேட்டவனில்லை என்று சொல்லிக்கொண்டே வில்லி கேட்பது சலுகையைத்தான். உன் அப்பா உன்னைக் கையில் தூக்கிக்கொண்டு வந்த காலத்திலேயே நான் இங்கே இருந்தேன், உன் பெயரைப் பற்றிக்கூட என் அபிப்பிராயத்தைக் கேட்டார் என்கிறான். கணக்கு அப்புறம்தான் வருகிறது. 1928-ல் வாரம் 170 டாலர் கமிஷன் எடுத்தேன் என்கிறான் இவன்; கிடையாது என்கிறான் அவன். பேரேட்டைப் புரட்டிப் பார்க்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை!

வில்லிக்குத் தெரிந்த வியாபாரத் தந்திரம் ஒன்றே ஒன்று: நாலு பேருக்கு வேண்டியவனாக இருப்பது. அதையே பிள்ளைகளுக்கும் புகட்டுகிறான். பக்கத்து வீட்டுப் பெர்னார்ட் மார்க்கு வாங்கட்டும், வியாபாரத்தில் நீங்கள்தான் முந்துவீர்கள் என்கிறான். மூத்தவன் பிஃப் அதை நம்பி, பழைய முதலாளி ஆலிவருக்குத் தன்மேல் தனிப் பிரியம், கேட்டால் கடன் தருவார் என்று போகிறான். ஆறு மணி நேரம் காத்திருக்கிறான். ஆலிவருக்கு அவன் யாரென்றே தெரியவில்லை. நாடகத்தில் மிகக் கொடுமையான இடம் இதுதான் என்பேன். ஹவார்டின் அறையில் நடப்பதைவிடக் கொடுமை. இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

ஹவார்டு மட்டும் யோக்கியனா? வியாபாரம் வியாபாரம்தான், அவனவன் பாரத்தை அவனவன் சுமக்க வேண்டும் என்று உபதேசிக்கும் இந்த முப்பத்தாறு வயதுக்காரன் எந்தச் சரக்கை விற்று அந்த நாற்காலிக்கு வந்தான்? அப்பன் வைத்துவிட்டுப் போனது. அந்தக் கம்பெனியிலேயே பெரிய சலுகை பெற்றவன் அவன்தான். தகப்பன் வயதுக்காரனைச் சிறுபிள்ளையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடவும் செய்கிறான்.

உண்மையாகவே வேலை தர முன்வருகிறவன் பக்கத்து வீட்டுச் சார்லி. வாரம் 50 டாலர், அலைச்சல் கிடையாது. வில்லி மறுத்துவிடுகிறான். பொறாமை என்கிறான் சார்லி, சரிதான். யாருக்கும் பெரிதாக வேண்டியவனாக இல்லாத சார்லி ஜெயித்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டால் வில்லியின் வாழ்நாள் சித்தாந்தம் என்ன ஆவது?

மில்லர்மீது எனக்கு ஒரு குறை உண்டு. பெரிய முதலாளி கொடுத்ததாகச் சொல்லும் வாக்கு நிஜமா, கிழவனின் கற்பனையா என்று கடைசிவரை தெரியவில்லை. மூட்டமாக விட்டதில் நாடகத்துக்கு லாபம், வழக்குக்கு நஷ்டம். வில்லி இத்தனை வருஷம் சுமந்த மாதிரிப் பெட்டிகளில் என்ன சரக்கு இருந்தது என்பதையும் அவர் சொல்லவில்லை. ஒரு தடவையாவது அந்தப் பெட்டியைத் திறந்து காட்டியிருக்கலாம்.