உடைத்துப் பார்க்க ஒரு கணினி

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கணினி படிக்கும் பிள்ளை ஒன்று நள்ளிரவிலும் விழித்திருந்தால் வீட்டார் இரண்டு விதமாகச் சொல்வார்கள். பரீட்சை நெருங்கிய காலமென்றால் "படிக்கிறான்". மற்ற நாளென்றால் "எதையோ நோண்டிக்கிட்டு இருக்கான்". இக்கட்டுரை இரண்டாவது வேலையைப் பற்றியது. பழைய மடிக்கணினியில் இருக்கும் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸை ஏற்றுவது, அது பிடிக்காவிட்டால் இன்னொரு லினக்ஸை இறக்குவது, கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவது, கெட்டுப்போனதை விடியும்வரை திருத்துவது எல்லாம் இந்த நோண்டலில் அடக்கம். ஆசிரியர் பலருக்கு இது நேர விரயம். ஆர்வலர்களுக்கோ இதுதான் உண்மையான கணினிக் கல்வி. இரு தரப்பிலும் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்பதைப் பார்க்கலாம்.

முதலில் பாடப்புத்தகம். க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் 'பணிசெயல் முறைமை'க்கு ஒரு தனிப் பகுதி உண்டு. ஒரு செய்நிரல் எந்தெந்த நிலைகளைக் கடக்கிறது, பேஜிங் எப்படி நடக்கிறது, மெய்நிகர் நினைவகம் என்றால் என்ன என்பதெல்லாம் அதில் வரும். மாணவர் வட்டங்களை வரைவார், அம்புக்குறி போடுவார், வரைவிலக்கணத்தை மனனம் செய்வார். வட்டங்கள் சரியாக இருந்தால் புள்ளி கிடைக்கும். அந்த வட்டங்களில் ஒன்றுகூட அசைவதைப் பார்க்காமலே பல்கலைக்கழகம் வரை போய்விடலாம்.

நோண்டுகிறவர் அதைப் பார்க்கிறார். இரண்டு ஜிகாபைட் ரேம் உள்ள ஒரு மடிக்கணினியில் இலகுவான லினக்ஸ் ஒன்றை ஏற்றி, டெர்மினலில் 'ஃப்ரீ' என்று தட்டினால் இரண்டு வரிகள் வரும். மேல் வரி ரேமின் கணக்கு, கீழ் வரி ஸ்வாப்பின், அதாவது ரேம் போதாதபோது வன்தட்டில் பாவிக்கும் இடத்தின், கணக்கு. ஸ்வாப்பில் அப்போது பூச்சியம். பிரவுசரைத் திறந்து ஒவ்வொரு டேப்பாகக் கூட்டிக்கொண்டே போனால் மேல் வரி வற்றும். ஒரு கட்டத்தில் கீழே இருந்த பூச்சியம் எண்ணாக மாறி ஏறத் தொடங்கும். இன்னும் இரண்டு டேப் திறந்தால் வன்தட்டின் விளக்கு அணையவே அணையாது, மௌஸின் அம்பு மூட்டைக் கொழுந்தைச் சுமந்து மேடேறுவது போல நகரும். ரேமில் இடமில்லாத பக்கங்கள் வன்தட்டுக்குப் போய்வருகின்றன என்று புத்தகம் ஒரு வரியில் சொன்னது, பத்து நிமிடத்தில் கண்முன் நடக்கிறது. விண்டோஸின் டாஸ்க் மனேஜரிலும் ஓரளவு இதைக் காணலாம். லினக்ஸில் ஸ்வாப்பையே அணைத்துவிட்டு என்ன நடக்கிறதென்று பார்க்கலாம், ஆர்வம் இருந்தால் அதற்கான மூலநிரலையும் திறந்து வாசிக்கலாம். நோண்டலின் முதல் பலம் இது.

இரண்டாவது பலம் காசு சம்பந்தப்பட்டது. மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏற்ற வேண்டுமானால் குறைந்தது 4 ஜிகாபைட் ரேமும் டிபிஎம் 2.0 சில்லும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசஸரும் வேண்டும். மலையக வீடுகளுக்கு மடிக்கணினி வரும் வழி நமக்குத் தெரியும். கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன் பாவித்தது, மத்திய கிழக்கிலிருந்து மாமா கொண்டுவந்தது, இல்லாவிட்டால் டவுனில் வாங்கிய செகண்ட் ஹேண்ட். இவற்றில் பல அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவை. அசல் விண்டோஸ் 11 ஹோம் உரிமத்தின் பட்டியல் விலை 139 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் 41,700 ரூபாய். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது ஒரு தொழிலாளியின் 31 நாள் கொழுந்து. கடையில் 'போட்டுத் தரும்' விண்டோஸோ 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி உரிமை மீறல். இந்த நிலையில் லினக்ஸ் ஏற்றுகிற பிள்ளை பொழுதுபோக்குக்காக மட்டும் அதைச் செய்யவில்லை, இருக்கும் கணினியை உயிரோடு வைத்திருக்கப் பார்க்கிறது.

மூன்றாவது, இந்த நாட்டில் இந்தப் பாதையில் போய்ச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய 'சஹானா' என்ற திறந்தமூல மென்பொருள், பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. கூகுளின் கோடைகாலத் திறந்தமூலத் திட்டத்துக்குத் தெரிவான மாணவர் தொகையில் மொரட்டுவைப் பல்கலைக்கழகம் உலகில் முதலிடத்தில் நின்ற காலம் உண்டு. நம் மலைக்கு இன்னும் கிட்டிய உதாரணம் ஹந்தான லினக்ஸ். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால், தேயிலையும் மானாப்புல்லுமாக எழும் மலைத்தொடரின் பெயரைத் தாங்கி 2009இல் தொடங்கியது அது. ஃபெடோரா லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு, இணையம் இல்லாத பாடசாலைகளையும் மனதில் வைத்து, கல்விக்கான மென்பொருட்களைத் தட்டிலேயே அடைத்துத் தந்தது.

இனி, குறைகள்.

ஏற்றத் தெரிவதும் அறிவதும் ஒன்றல்ல. உபுண்டுவிலிருந்து மின்ட், மின்ட்டிலிருந்து ஃபெடோரா, அங்கிருந்து ஆர்ச் என்று மாதம் ஒன்றாக மாறுகிறவர்களைப் பார்க்கிறோம். பின்னணிப் படமும் ஐகன்களும் மாறுகின்றன. "பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து லொகின் திரை வரும்வரை உள்ளே என்ன நடக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். ஃபேர்ம்வேர் எதைத் தேடுகிறது, கிரப் எங்கே வருகிறது, கர்னல் முதலில் எந்தச் செய்நிரலை எழுப்புகிறது என்று கோர்வையாகச் சொல்கிறவர் அருமை. புடவையை மாற்றிக் கட்டிவிட்டு ஆளை அறிந்துவிட்டதாக எண்ணுவது போன்றது இது. ஆசிரியர்களின் முறைப்பாட்டில் உள்ள பாதி நியாயம் இங்கே இருக்கிறது.

மொழியும் தடை. ஹட்டனில் எந்த அச்சுக்கடையிலும், எந்த டியூஷன் ஆசிரியரின் பென் டிரைவிலும் பாமினி எழுத்துருதான் ஆட்சி. பாமினியில் தட்டிய டியூட் ஒன்றை லினக்ஸில் திறந்தால், எழுத்துருவைத் தனியாகப் போடாதவரை, பக்கம் முழுக்க அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக்கள்தான் நிற்கும். பிள்ளை உடனே விண்டோஸுக்குத் திரும்பிவிடும். தமிழ் இடைமுகத்தைத் தெரிவு செய்தாலும் சிக்கல் தீராது. இலங்கைப் பாடப்புத்தகம் 'பணிசெயல் முறைமை' என்று கற்பித்திருக்கும், திரையில் தமிழ்நாட்டு வழக்கான 'இயங்குதளம்' வந்து நிற்கும். வரும் பிழைச்செய்தியோ ஆங்கிலத்தில் இருக்கும். ஒரே பொருளுக்கு மூன்று பெயர். தமிழ்மொழி மூலம் படிக்கிற பிள்ளைக்கு நோண்டுவதில் பாதி உழைப்பு மொழிபெயர்ப்புக்கே போய்விடுகிறது.

அடுத்தது சிக்னல். உபுண்டுவின் அண்மைய பதிப்பொன்றை இறக்க ஐந்து ஜிகாபைட்டுக்கு மேல் டேட்டா வேண்டும். லயத்துக்குள் ஒரு கோடு, மேட்டில் மூன்று கோடு என்று சிக்னல் காட்டும் தோட்டங்களில் அது இரண்டு மூன்று இரவு வேலை. ஏற்றி முடித்தபின் சில மடிக்கணினிகளில் வைஃபை வேலை செய்யாது. அதற்கான டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும். போனை யூஎஸ்பியில் மாட்டித் தப்பிக்கலாம் என்று யாராவது சொல்லித் தரும்வரை பிள்ளை அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றும். 2005 முதல் 2011 வரை உபுண்டு தன் தட்டுகளைக் கேட்டவருக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் அனுப்பியது. கேட்பதற்கு ஒரு விலாசம் இருந்தால் போதுமாக இருந்தது. லயக்காம்பராவுக்குத் தனி விலாசம் இல்லை, கடிதம் தோட்டத்து ஒஃபிஸில்தான் விழும் என்பது உலகில் வேறு யாருக்கும் புரியாத தடை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, நோண்டும் கணினி பெரும்பாலும் நோண்டுகிறவருடையது அல்ல என்பது.

என் கதையையே சொல்கிறேன். வீட்டில் இருந்தது ஒரேயொரு மடிக்கணினி. அதில் அக்காவின் ஆசிரியப் பயிற்சி ஒப்படைகள் எல்லாம் இருந்தன. லினக்ஸை விண்டோஸுக்குப் பக்கத்தில் ஏற்றுவதுதான் என் திட்டம். ஆனால் அந்தத் தெரிவு திரையில் வரவேயில்லை. 'டிஸ்க்கை அழித்துவிட்டு ஏற்று' என்பது மட்டும் தெளிவாக இருந்தது. டிஸ்க் என்றால் சி டிரைவ் மட்டும்தான் என்று நினைத்து அழுத்தினேன். டி டிரைவும் போனது. அக்கா சத்தம் போடவில்லை. இஸ்தோப்பில் வந்து நின்று, "எல்லாமே போயிருச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டார். மூன்று இரவு உட்கார்ந்து மீட்புச் செய்நிரல் ஒன்றால் பல கோப்புகளைத் திரும்ப எடுத்தேன். எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். நூற்றுக்கணக்கான கோப்புகளை அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து பெயரிட்டார். வன்தட்டைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் போட முடியாது, தயாரித்த கம்பனியே நான்கையும் நிரப்பியிருந்ததால்தான் 'பக்கத்தில் ஏற்று' என்ற தெரிவு வரவில்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பரீட்சையில் எனக்கு மறக்காத விடை அது. அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தியவர் அக்கா.

இதுபோன்ற தவறைச் செய்த இன்னொரு மாணவரின் பெயரை உலகம் அறியும். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஜனவரியில் 386 கணினி ஒன்றை வாங்கினார். அண்ட்ரூ டனன்பாம் 1987இல் பாடநூலோடு வெளியிட்ட மினிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையை அதில் ஏற்றி நோண்டத் தொடங்கினார். அவ்வாண்டு ஓகஸ்ட் 25ஆம் திகதி, தான் ஒரு பணிசெயல் முறைமை எழுதிவருவதாக அறிவித்தார். சில மாதம் கழித்து, மோடத்துக்குப் போகவேண்டிய கட்டளையைத் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பித் தன் மினிக்ஸ் பிரிவையே அழித்துவிட்டார். மினிக்ஸைத் திரும்ப ஏற்றுவதற்குப் பதிலாகத் தன் லினக்ஸையே முழுமையாக நம்பிப் பாவிக்க முடிவெடுத்தார்.

இதை 'விழுந்தாலும் எழு' என்ற நீதிக்கதையாகச் சொல்வது சுலபம். நான் அதில் பார்ப்பது வேறு. அவர் அழித்தது தன்னுடைய கணினியை. அவர் கையில் மூலநிரலோடு கூடிய பாடநூல் இருந்தது. பல்கலைக்கழகத்தில் லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ் இருந்தது, கேட்டால் பதில் சொல்ல ஆட்களும் இருந்தார்கள். அவுஸ்திரேலியாவில் ஜோன் லயன்ஸ் 1970களில் யூனிக்ஸின் மூலநிரலுக்கு எழுதிய விளக்கவுரையின் கதையும் இதுவே. உரிமக் கட்டுப்பாட்டால் 1996 வரை அது வெளிப்படையாக விற்பனைக்கு வரவில்லை. பிரதியின் பிரதியாகக் கைமாறி ஒரு தலைமுறைக்கே யூனிக்ஸைக் கற்றுக்கொடுத்தது. நோண்டல் கல்வியாக முதிர்ந்த இடங்களில் எல்லாம் வாசிக்க ஒரு பிரதி, கேட்க ஒரு துணை, உடைந்தாலும் பரவாயில்லை என்ற ஒரு கணினி ஆகிய மூன்றும் இருந்திருக்கின்றன. நம் மலையகத்திலோ தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். வீட்டில் கணினி தொட்ட முதல் ஆள் என்ற நிலையில் இருக்கும் நம் பிள்ளைக்கு இந்த மூன்றும் ஒருசேரக் கிடைப்பதில்லை. ஆகவே "வசதி இல்லாவிட்டாலும் எப்படி நோண்டிப் படிக்கிறார்கள் பார்" என்று மெச்சுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த மெச்சல், செய்யவேண்டியவர்களின் தோளில் இருந்து பாரத்தை இறக்கிவிடுகிறது.

பாடசாலைக் கணினி அறை இருக்கிறதே என்பீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் அறை, துணியால் போர்த்திய கணினிகள், அதிபரின் மேசை லாச்சியில் சாவி. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. பொருட்பதிவேட்டில் அவர் பெயர்தான் இருக்கிறது, வருடக் கணக்கெடுப்பில் பதில் சொல்லவேண்டியவரும் அவர்தான். மாணவர் ஒருவர் விண்டோஸை அழித்தால் அது பாடமாகக் கணக்கில் வராது, சேதமாக வரும். இந்தப் பயத்தை முறையாகப் போக்கிய இடமும் உண்டு. பக்கத்துக் கேரளத்தில், 2001இல் தொடங்கிய பாடசாலைக் கணினித் திட்டம் சில ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. லினக்ஸ் ஆசிரியர் பயிற்சிக்குள்ளும் பத்தாம் வகுப்புச் செய்முறைப் பரீட்சைக்குள்ளும் வந்தது. ஹந்தான லினக்ஸ் தன்னார்வத்தின் தோளில் நின்றது, கேரளத்து முயற்சி பாடத்திட்டத்தின் தோளில் நின்றது. பரீட்சை கேட்கும்போதுதான் அறையின் கதவு திறக்கிறது.

ஆக, என் தீர்ப்பு இது. நோண்டல், பாடப்புத்தகம் தராத ஒன்றைத் தருகிறது, பாடப்புத்தகத்துக்கு ஈடாகாது. தனியாக, குறிப்பெடுக்காமல், வீட்டின் ஒரே கணினியில் செய்யப்படும்போது அது சூதாட்டம்.

பாடசாலைகளிடமும் வலயக் கல்வி அலுவலகங்களிடமும் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. களஞ்சிய அறையில் பாவனைக்கு உதவாதென்று ஒதுக்கிய கணினிகள் தூசி பிடித்துக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பதிவேட்டிலிருந்து முறைப்படி நீக்கி, கணினி அறையின் மூலையில் வையுங்கள். பழைய மாணவர்கள் லினக்ஸ் அடங்கிய ஒரு பென் டிரைவையும், பாமினியை யுனிகோடாக்கும் ஒரு செய்நிரலையும், யார் என்ன செய்தார்கள் என்று எழுத ஒரு சி.ஆர். கொப்பியையும் அதனருகே வைத்துவிட்டுப் போகட்டும். கணினியின் மேல் 'இதை உடைக்கலாம்' என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

வீட்டுக் கணினியில் நோண்டப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: முதலில் அக்காவின் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.